ஒரு பிடி வெறும் சோறு

நவீன இந்திய உணவகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடையே உடனே இரண்டு கட்சிகள் பிரிந்துவிடுகின்றன. ஒரு கட்சி, ரசத்தைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் அது ரசமாகிவிடுமா என்று கேட்கிறது. மற்றது, உலகம் எங்கேயோ போய்விட்டது, நீங்கள் இன்னும் வாழை இலையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்கிறது. இரண்டு பக்கமும் நண்பர்கள் இருப்பதால் இரண்டு வாதங்களையும் போதுமான அளவுக்குக் கேட்டுவிட்டேன். என் மனதை உறுத்திக்கொண்டிருப்பது இந்த இரண்டிலும் சேராத ஒன்று. கோப்பை என்னை உறுத்தவில்லை, நுரை உறுத்தவில்லை, விலைகூட அவ்வளவாக உறுத்தவில்லை. அத்தை கேட்ட ஒரு பிடி சோறுதான் உறுத்துகிறது.

தம்பிக்குப் பதவி உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில் எங்களைப் பெங்களூருவில் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனான். எங்கள் அத்தையும் வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சைவம், எழுபதைத் தாண்டியவர். ஊரில் கல்யாண வீடுகளில் சமையல் நடக்கும் ஆக்குப்புரைப் பக்கம் அவர் ஒரு நடை போய் வந்தால்தான் மற்றவர்களுக்கு நிம்மதி. புதிய இடம், புதிய சாப்பாடு என்றால் அவருக்கு ஆர்வம் அதிகம். எங்கள் மூவரில் அன்று மிகவும் உற்சாகமாக இருந்தவர் அவர்தான். இலை போட்டுப் பரிமாறும் இடம் அல்ல அது. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டுகள் வரும். எது வரும், எப்போது வரும் என்பதைச் சமையலறை முடிவு செய்யும். பரிமாறியவர் ஓசூர்ப் பையன். தமிழிலேயே பேசினார். ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு அதன் கதையைப் பொறுமையாகச் சொன்னார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருந்தது. நுங்கில் ஒரு தட்டு வந்தது. இளநுங்கைத் தோலின் துவர்ப்பு துளியும் இல்லாமல் உரித்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, குளிர்ந்த தட்டில் பூவிதழ்போல் பரப்பியிருந்தார்கள். மேலே பச்சை மாங்காய்ச் சாறு, நுணுக்கிய கல்லுப்பு, இடித்த காந்தாரி மிளகாய். நுங்கைக் கட்டைவிரலால் நோண்டித் தின்றே பழகிய எனக்கு, அதற்குள் இவ்வளவு மென்மையான ஒரு சுவை இருப்பது அன்றுதான் தெரிந்தது. மாங்காயின் புளிப்பு முதலில் வந்து, காரம் ஏறி, கடைசியில் நுங்கின் இளம் இனிப்பு நாக்கில் தங்கியது. அந்த அளவில், அந்த வரிசையில், வேறொருவர் கலந்து கொடுத்திருக்காவிட்டால் அது எனக்குக் கிடைத்திருக்காது. அதைச் செய்தவர் பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்து ஒரு கரண்டியில் ஒற்றைத் தயிர் உருண்டை. வாயில் வைத்து நாக்கால் அழுத்தியதும் உடைந்து உள்ளிருந்து தயிரும் இஞ்சியும் கடுகு தாளித்த வாசனையும் பரவின. இந்த வித்தை ஸ்பெயினில் பெர்ரான் அட்ரியா என்ற சமையல் கலைஞரின் எல் புல்லி உணவகம் வழியாக உலகப் புகழ் பெற்றது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைந்த நீரில் தயிரைக் கரண்டியால் மெல்ல இறக்கினால், தயிரில் இருக்கும் கால்சியம் ஆல்ஜினேட்டோடு சேர்ந்து மேலே மெல்லிய தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே தயிர் தயிராகவே இருக்கும். 2010இல் பாங்காக்கில் தன் பெயரிலேயே உணவகம் திறந்த ககன் ஆனந்த், வட இந்தியாவின் தயிர் 'சாட்' பதார்த்தத்தை இந்த முறையில் செய்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஆசியாவின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் அவருடையது. இந்தியச் சாப்பாடு என்றால் வெண்ணெய்க் கோழியும் நானும் மட்டுமே என்று நினைத்திருந்த உலகத்துக்கு அது தேவைப்பட்டது. இந்தத் தலைமுறை சமையல் கலைஞர்கள் நமக்கு வாங்கிக் கொடுத்த மரியாதையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

தேங்காய்ப்பால் குழம்பான சொதி வந்தபோதுதான் அத்தை தட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்காமல் இருக்க மாட்டார்கள். இங்கே வழித்தெடுத்த முருங்கைக்காய்ச் சதையின் மேல் தேங்காய்ப்பால் வெள்ளை நுரையாக நின்றது. பக்கத்தில் வறுத்த பூண்டு ஒரு பல். சுவை குறையில்லை. ஆனால் அத்தை, "இஞ்சித் துவையல் எங்கே?" என்று கேட்டார். சொதி என்றால் கூடவே இஞ்சி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய குழம்பு வயிற்றில் கனக்கும். அதைச் செரிக்க வைப்பது இஞ்சி. இரண்டு வாய் சொதிச் சோறு, ஒரு விரல் துவையல், நடுவே ஓர் உருளைக்கிழங்கு வறுவல் என்று போனால்தான் மூன்றாவது தடவை சொதி வாங்கத் தோன்றும். பரிமாறியவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, நுரையிலேயே இஞ்சிச் சாறு சேர்த்திருப்பதாகச் சொன்னார். அத்தை தலையாட்டினார்.

ரசம் வந்த நேரம்

அதன் பிறகு ரசம். காபி வடிக்கப் பயன்படுத்தும் இரட்டைக் கண்ணாடிக் குடுவையை மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். கீழ்க் குடுவையில் தக்காளி ரசத்தின் தெளிவு மட்டும். மேலே கொத்தமல்லித் தண்டு, நசுக்கிய மிளகு, கறிவேப்பிலை. கீழே சின்ன அடுப்பை ஏற்றியதும் ஆவியின் அழுத்தத்தில் ரசம் குழாய் வழியாக மேலே ஏறி, இலைகளோடு கொதித்தது. அடுப்பை எடுத்ததும் கீழே வெற்றிடம் உண்டாகி, அத்தனை ரசமும் வடிகட்டி வழியாக ஒரே இழுப்பில் கீழே இறங்கியது. தேன் நிறம். சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாயால் ஒரு ரசத்தைப் பாராட்டி நான் கேட்டது குறைவு. "தம்பி, அருமையான ரசம். யார் வைத்தது? அடியில் மண்டி இருக்குமே, அதைக் கொஞ்சம் ஒரு பிடி சோற்றோடு கொண்டுவாருங்கள்" என்றார்.

அந்தப் பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த ரசத்தில் மண்டி கிடையாது, முன்பே துணியில் வடித்துவிடுவோம் என்றார். சரி, மண்டி வேண்டாம், சோறும் இன்னொரு கரண்டி ரசமும் போதும் என்றார் அத்தை. பரிமாறியவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது பொறுப்பாளர் ஒருவரையும் கூட அழைத்து வந்தார். அவர் மிகவும் மரியாதையாக, விருந்தினர்களுக்காக வெறும் சோறு வடிக்கும் வழக்கம் இல்லை என்றும், இரண்டு தட்டு தள்ளிச் சீரகச் சம்பாவில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்த ஒன்று வரும் என்றும் விளக்கினார். அத்தைக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. "அப்படியானால் நீங்கள் எல்லாரும் ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். பொறுப்பாளர் சிரித்துவிட்டு, "எங்களுக்கு மாலை நான்கு மணிக்கே சாப்பாடு ஆகிவிடும் அம்மா. சோறு, சாம்பார், ஒரு பொரியல். அது அப்போதே தீர்ந்துவிட்டது" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை விடவில்லை. அந்தச் சமையலறையில் தினமும் சோறு வடிகிறது. அதை வடிப்பவர்கள், நுங்கை அவ்வளவு நேர்த்தியாகச் சீவிய அதே கைக்காரர்கள், நாள் முழுக்க நின்று வேலை செய்வதற்கு முன் உட்கார்ந்து குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். தங்களுக்கு எது உண்மையான சாப்பாடு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. காசு கொடுத்து வருகிறவர்களுக்கு மட்டும் அது போதாது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை. மீதி இருந்த தட்டுகளையும் ரசித்துத்தான் சாப்பிட்டார். நான்தான் அதன் பிறகு வந்த எதையும் முழு மனதோடு சாப்பிடவில்லை.

கலப்பில் எனக்கு வழக்கு இல்லை

மிளகாய் எங்கிருந்து வந்தது, தக்காளி எங்கிருந்து வந்தது என்ற கதையை இங்கே மறுபடி சொல்லப்போவதில்லை, எல்லாருக்கும் தெரியும். கலப்பு என்றால் என் நினைவுக்கு வருவது சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் தெருவின் அத்தோ கடைகள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களோடு வந்தது அத்தோ. ஓர் அலுமினியச் சட்டியில் நூடுல்ஸ், நீளவாக்கில் சீவிய முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய். அவ்வளவையும் கடைக்காரர் கையாலேயே பிசறித் தருகிறார். கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். நாம் நின்றுகொண்டே, "புளி கொஞ்சம் தூக்கலாக", "காரம் குறைவாக", "வெங்காயம் இன்னும் ஒரு பிடி" என்று சொல்லச் சொல்ல அவர் கை மாற்றிக்கொண்டே போகிறது. சூப் தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டலாம்.

பர்மியச் சாப்பாடும் தமிழ் நாக்கும் அங்கே கலந்தது எந்தச் சமையல் பள்ளியிலும் அல்ல. தெருவில், விற்றவருக்கும் தின்றவருக்கும் இடையே, ஒவ்வொரு சட்டியிலும் நடந்த பேச்சில் கலந்தது. இத்தனை ஆண்டுகளில் அத்தோ கொஞ்சம் கொஞ்சமாகச் சென்னைக்காரர்களின் ருசிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், தின்றவர்களுக்கு அதில் கை வைக்க இடம் இருந்ததுதான். அந்த இடத்தைத்தான் பெங்களூருவில் நான் காணவில்லை. அங்கும் கலப்பு இருந்தது, அருமையாகவே இருந்தது. ஆனால் கதவுக்கு அந்தப்பக்கம் எல்லாம் கலந்து முடிந்துவிட்டிருந்தது.

நம் சாப்பாட்டில் கடைசிச் சமையல் இலையில்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். சமைத்தவர் சாம்பாரையும் பொரியலையும் ரசத்தையும் அப்பளத்தையும் தனித்தனியாக வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். ஒவ்வொரு கவளத்தையும் உருவாக்குவது சாப்பிடுகிறவரின் கை. என் அப்பா ரசச் சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுத்தான் சாப்பிடுவார். அத்தைக்கு ரச மண்டிச் சோற்றோடு பருப்புத் துவையல் வேண்டும். தம்பி தயிர்ச்சோற்றின் நடுவே குழி செய்து வற்றல்குழம்பு ஊற்றிக்கொள்வான். ஒரே பந்தியில் ஒரே சமையலைச் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் மூன்று வேறு சாப்பாடுகளோடு எழுந்திருப்பார்கள். இதையெல்லாம் நடத்தித் தருவது வெறும் சோறு. அதற்கென்று பெரிய ருசி கிடையாது, அதனால்தான் எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் கைக்கு வேலையில்லை. நுரையில் இஞ்சிச் சாறு சேர்த்திருப்பதாகச் சொன்னார்களே, அங்கேயும் இதேதான் நடந்திருக்கிறது. இஞ்சி இருந்தது; ஆனால் எப்போது தொட்டுக்கொள்வது, எவ்வளவு தொட்டுக்கொள்வது என்பது அத்தையிடம் இல்லை.

ஒன்றன்பின் ஒன்றாக, அளந்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி தட்டில் வைத்துக் கொடுப்பதுதான் உயர்ந்த விருந்து என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலேயே அது பழைய வழக்கம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில்தான் 'ரஷ்ய முறை' என்ற பெயரில் அது பாரிஸ் வழியாகப் பரவியது. அதற்கு முன் பிரெஞ்சுப் பிரபுக்களின் மேசையில் ஏராளமான பதார்த்தங்களை ஒரே நேரத்தில் பரப்பிவைத்து, வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள விடுவார்கள். நம் பந்தியிலும் வரிசை உண்டு: பருப்பு நெய், சாம்பார், ரசம், மோர். ஆனால் இலையின் மேல்பாதியில் வைத்தவை கடைசிவரை அங்கேயே இருக்கும். பரிமாறுகிறவர் கரண்டியோடு திரும்பத் திரும்ப வருவார். மறுசோறு வேண்டுமா என்று கேட்காத விருந்தை எங்கள் ஊரில் விருந்தில் சேர்க்க மாட்டார்கள். மேல்நாட்டார் ஒரு காலத்தில் தங்கள் வசதிக்காக மாற்றிக்கொண்ட ஒரு முறையை, அதுவே நாகரிகத்தின் அளவுகோல் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

நியூயார்க்கில் நடந்தது

நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ராஹி என்று ஒரு நவீன இந்திய உணவகம் இருந்தது. ரோனி மஜும்தாரும் சிந்தன் பாண்டியாவும் நடத்தியது. அதை மூடிவிட்டு அதே இடத்தில் 2021இல் அவர்கள் திறந்ததுதான் 'செம்ம' உணவகம். சமையல் பொறுப்பு திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலிருந்து போன விஜய் குமாருடையது. சின்ன வயதில் வயலில் பொறுக்கிய நத்தையைப் பிரட்டலாகச் செய்து அங்கே பரிமாறினார். குடல் வறுவல், ஆட்டுக்கறிச் சுக்கா, பொடி தோசை எல்லாம் உண்டு. அடுத்த ஆண்டே, உணவகங்கள் பெரிதாக மதிக்கும் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்டு விருதை அவர் வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார்.

இதைச் சொல்வது, கலப்பு உணவகம் தோற்றது, பாரம்பரியம் வென்றது என்று காட்டுவதற்காக அல்ல. அப்படி ஒரு முடிவுக்கு வர ஓர் ஊரின் ஒரு கடை போதாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. வயலில் பொறுக்கிய நத்தையையும் ஆட்டுக் குடலையும் அப்படியே வைத்தால் பெரிய இடத்துச் சாப்பாடாகாது, அதற்கு வேறு உருவம் கொடுத்தாக வேண்டும் என்ற பயம் அங்கே இல்லை. பெங்களூருவில் அத்தைக்குச் சோறு கிடைக்காததற்குக் காரணம் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். அவ்வளவு விலை வாங்கும் மேசையில் வெறும் சோற்றை வைத்தால், 'இதற்கா இத்தனை ஆயிரம்' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல பழைய அரிசியைப் பதமாக வடித்து, குழையாமல், ஆவி பறக்க, ஒரு பிடி வைத்துப் பாருங்கள். ஜப்பானில் பல அடுக்கு விருந்தான கைசெகி, வெறும் சோறும் ஊறுகாயும் சூப்புமாகத்தான் முடிவுக்கு வருகிறது, கடைசியில் ஒரு பழத்துண்டோடு. அதற்காக யாரும் அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதில்லை.

சமையல் கலைஞர்களின் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஒரு கவளத்தின் அளவையும் சூட்டையும் வரிசையையும் தங்கள் கையில் வைத்திருப்பதுதான் அவர்கள் கலை. நுங்குத் தட்டில் என்னை நம்பி விட்டிருந்தால் நான் அதைக் கெடுத்திருப்பேன். ஆகவே பன்னிரண்டு தட்டில் பதினொன்றை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் எங்களிடம் விடட்டும் என்றுதான் கேட்கிறேன், அது சொதியாக இருந்தால் இன்னும் நல்லது. சொதியை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் செய்யட்டும். முருங்கைக்காயைத் தீயில் வாட்டட்டும், தேங்காய்ப்பாலில் எலுமிச்சைக்குப் பதில் வேறு புளிப்பைச் சேர்க்கட்டும், உருளைக்கிழங்கை நூலாகச் சீவிப் பொரிக்கட்டும், இஞ்சித் துவையலில் நமக்குத் தெரியாத பழத்தைக்கூட வைத்து அரைக்கட்டும். நான்கையும் தனித்தனியாக, நடுவில் ஒரு பிடி சோற்றோடு, கை கழுவத் தண்ணீரும் கொடுத்து மேசையில் வைத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும். யாராவது இன்னொரு கரண்டி கேட்டால் ஊற்றுவதற்கு அடுப்பில் மீதி இருக்க வேண்டும். அத்தைக்கு அந்த ரசத்தின் மேல் இன்னும் ஆசை இருக்கிறது. அங்கே சோறு வடிக்கத் தொடங்கினார்களா என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தொடங்கினால் நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.